உதயரூபனின் முழங்கால்

ஆரையம்பதியில் உதயரூபனின் வீட்டுக்கு வழி கேட்டால், "ஆர், படம் கீறுற உதயனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அவர் ஓவியர் அல்ல. மட்டக்களப்பு நகரத்தில் ஓர் அரச அலுவலகத்தில் படவரைஞர். வாய்க்கால், மதகு, அணைக்கட்டு என்று தண்ணீர் போகிற வழிகளையெல்லாம் கோடாக்குவது வேலை. முன்பு பென்சிலும் அடிமட்டமும், இப்போது கணினி. எதுவானாலும் உட்கார்ந்திருக்கும் கதிரை ஒன்றுதான். நாற்பத்தைந்து வயதைத் தாண்டும்போது இடுப்புப் பட்டிக்குப் புது ஓட்டை போட வேண்டி வந்தது. அடுத்த வருடமே சீனி வருத்தம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"மருந்து தாறன். ஆனா நீங்க உடம்ப அசைக்காட்டி மருந்து மட்டும் ஒண்ணும் செய்யாது" என்றார் டொக்டர்.

மனைவி வதனி அன்றைக்கே அவருடைய சோற்றை அரைவாசியாக்கினாள். உடம்பை எப்படி அசைப்பது என்பதுதான் உதயரூபனுக்குப் பிடிபடவில்லை. விடியற்காலையில் ரோட்டால் கைவீசி நடந்து பார்த்தார். எதிர்ப்பட்டவர்களெல்லாம், "என்ன உதயன், பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்று கேட்டதில் ஒரு கிழமையிலேயே அலுத்துவிட்டது.

மகள் கம்சாயினியைக் காத்தான்குடியில் நிஸ்தார் சேரிடம் கணக்கு வகுப்புக்குக் கொண்டுபோய் விடத் தொடங்கியதும் அந்த வருடம்தான். நிஸ்தார் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். கண்ணில் அழுத்தம் கூடி, ஓரங்களிலிருந்து இருட்டு ஏறி ஏறி, ஐம்பது வயது வருவதற்குள் பார்வை முழுவதும் போய்விட்டது. வேலையை விட்டுவிட்டு வீட்டு முன்கூடத்தில் வகுப்பு வைத்தார். பிள்ளைகள் கேள்வியை வாசிப்பார்கள். அவர் வாயாலேயே செய்து காட்டுவார்.

வகுப்பு முடியும்வரை முற்றத்தில் காத்திருந்த ஒரு பின்னேரம், தகரக் கொட்டிலுக்குள் நீலப் பொலித்தீனால் மூடிய நீளமான சாமான் ஒன்றை உதயரூபன் கண்டார். பிள்ளைகளை அனுப்பிவிட்டு வாசலுக்கு வந்த நிஸ்தாரிடம் அது என்ன என்று கேட்டார்.

"கட்டாரில இருந்து தம்பி அனுப்பின சாமான். ரெண்டு பேர் மிதிக்கிற சைக்கிள்" என்று சிரித்தார் நிஸ்தார். "பின்சீட்டுக்கு ஆள் இரிக்கு. முன்சீட்டுக்குத்தான் தேடிக்கிட்டு இரிக்கன்."

இளமையில் நிஸ்தார் சைக்கிள் ஓட்டப் போட்டிகளில் ஓடியவர். சித்திரை வருடப்பிறப்புக்குக் கல்முனை வரை போய்த் திரும்பும் ஓட்டங்களில் பரிசு எடுத்த மனிதருக்கு இப்போது தன் வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்குப் போவதற்கும் ஆள் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. உதயரூபனுக்கு மனம் இளகிவிட்டது. தனக்கும் உடம்பு அசைய வேண்டும்தானே. "நான் வாறன் சேர்" என்றார்.

முதல் நாளே இருவரும் விழுந்தார்கள். திரும்பப் போவதை முன்னால் இருப்பவன் சொல்லாவிட்டால் பின்னால் இருப்பவனின் உடம்பு மறுபக்கம் சாயும். அதற்குப் பிறகு சைக்கிள் யாருடைய சொல்லையும் கேட்காது. மணல் ஒழுங்கையொன்றில் சைக்கிள் சரிந்து, நிஸ்தார் மல்லாக்கக் கிடந்தார். உதயரூபன் பதறிப்போய்த் தூக்கக் குனிந்தார்.

"விடுங்க ரூபன்" என்றார் நிஸ்தார், கண்ணைச் சுற்றி ஒட்டிய மணலைத் துடைக்காமல். "எத்தின வருசத்துக்குப் பிறகு சைக்கிள்ல இருந்து விழுந்திரிக்கன். கொஞ்ச நேரம் கிடந்துபோட்டு எழும்புறன்."

அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றால் சைக்கிள் என்றாயிற்று. விடியும்போதே உதயரூபன் காத்தான்குடிக்குப் போய்விடுவார். நிஸ்தாரின் மனைவி ஸாதியா இஞ்சித் தேத்தண்ணி வைத்திருப்பார். குடித்துவிட்டு, கல்முனை ரோட்டால் தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம் என்று தெற்கே மிதித்து, குருமண்வெளித் துறைக்குப் போவார்கள். மண்டூருக்குப் போகிறவர்கள் சாமான் சக்கட்டோடு ஓடத்தில் ஏறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிஸ்தார் கரையில் நிற்பார். வெயில் ஏறுவதற்கு முன் திரும்பிவிடுவார்கள்.

முதல் வருடம் உதயரூபனுக்கும் அது பெரிய சந்தோசம். சீனி குறைந்தது, பட்டியில் பழைய ஓட்டைக்குத் திரும்பினார். ஊரில் சனம் நின்று பார்த்தது. ஒருமுறை கிரான்குளத்தில் லொறியொன்று உரசிக்கொண்டு போய் நிஸ்தாரின் சேட்டுக் கை கிழிந்தது. "ஸாதியாக்குச் சொல்லிராதீங்க" என்றார் நிஸ்தார். உதயரூபனும் சொல்லவில்லை. இரண்டு பெரிய மனிதர்கள் பள்ளிக்கூடப் பெடியன்களைப்போல ஓர் இரகசியத்தை வைத்துக்கொண்டதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆனால் முன்சீட்டில் இருப்பவனுக்கு மிதிப்பது மட்டுமா வேலை? அவன்தான் கண். "இப்ப எங்க வந்திரிக்கம்? இடப்பக்கம் என்ன? வட்டையில நெல்லு அறுத்துட்டாங்களா? கொக்கு வந்திரிக்கா? அந்தப் பச்சை மதில் வீட்டுக்கு மேல்தட்டுக் கட்டினாங்களே, முடிச்சிட்டாங்களா?" நிஸ்தார் கேட்டுக்கொண்டே வருவார். உதயரூபன் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லிக்கொண்டு போவார். சொல்வதற்காகவே பார்க்க வேண்டியிருந்தது. ஒரு மரத்தைக்கூட அவர் தனக்காகப் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. கிழமை முழுவதும் அலுவலகத்தில் அதிகாரி கேட்டதற்குப் பதில் சொல்லி, வீட்டில் மகள் கேட்டதற்குப் பதில் சொல்லி, சனிக்கிழமையும் பதில் சொல்லிக்கொண்டே மிதிக்க வேண்டும்.

இரண்டாவது வருடத்தின் கோடையில் ஒருநாள், "குளத்துல தாமரை பூத்திரிக்கா ரூபன்?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. உதயரூபன் தலையைக்கூடத் திருப்பவில்லை. "ஓம் சேர், நிறையப் பூத்திரிக்கு" என்றார். தாண்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தார். குளம் வற்றி, சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் நிஸ்தார், "இந்த வருசம் குளம் முழுக்கப் பூவாம்" என்று ஸாதியாவிடம் ஆசையாகச் சொன்னார். உதயரூபன் குனிந்தபடி தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா முடிந்த கிழமை அது. கூட வேலை செய்யும் ரதீஸ் ஒருநாள், "அண்ணன், கல்லடியில கயாக் ஓட்டம் தொடங்கியிருக்கம். ஒருக்கா வந்து பாருங்களன்" என்று கூப்பிட்டான். அந்தச் சனிக்கிழமை நிஸ்தார் வீட்டில் ஒரு கலியாணம், சைக்கிள் இல்லை. போனார்.

கயாக் என்பது ஒருவர் மட்டும் காலை நீட்டி இருக்கக்கூடிய ஒடுங்கிய பிளாஸ்ரிக் தோணி. இரண்டு பக்கமும் அலகு வைத்த துடுப்பை மாறி மாறிப் போட வேண்டும். வாவிக் கரையில் பிறந்து வளர்ந்தும் சின்ன வயதுக்குப் பிறகு உதயரூபன் அந்தத் தண்ணீரில் இறங்கியதில்லை. கல்லடிப் பாலத்துக்கு மேலால் பஸ்ஸில் போகும்போது பார்ப்பதோடு சரி. கொஞ்ச நேரம் தள்ளாடினார். பிறகு தோளும் இடுப்பும் தாங்களாகவே கணக்கைப் பிடித்துக்கொண்டன. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். கண்டல் மரங்களின் ஓரம், நீர்க்காகமொன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றது. உதயரூபன் துடுப்பை மடியில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை என்பது மெல்ல மெல்லத்தான் உறைத்தது. கரைக்கு வரும்வரை அவர் வாயே திறக்கவில்லை.

அன்றிரவு கையெல்லாம் நோக, இத்தனை வயதுக்குப் பிறகு தனக்கு ஒன்று பிடித்துப்போய்விட்டது என்று அவருக்கு விளங்கிவிட்டது. கூடவே இன்னொன்றும் விளங்கியது. கயாக் குழு கூடுவது சனிக்கிழமை காலையில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை கயாக்குகளை வெளியூர்ச் சனத்துக்கு வாடகைக்கு விட்டுவிடுவார்கள். நிஸ்தாருக்கோ ஞாயிறு முழுவதும் வகுப்பு. கிழமை நாட்களில் உதயரூபனுக்கு வேலை. சைக்கிளுக்கும் கயாக்குக்கும் இருந்தது ஒரே சனிக்கிழமை.

"இதுக்கென்ன யோசின?" என்றாள் வதனி. "ஒரு சனிக்கு அது, ஒரு சனிக்கு இது எண்டு வைங்களன். நிஸ்தார் சேர் நல்ல மனிசன். சொன்னா விளங்கிக்குவாரு."

அவள் சொன்னது நியாயம். அதை உதயரூபனும் யோசிக்காமல் இல்லை. ஆனால் ஒன்றுவிட்ட சனிக்கிழமைகூட அந்த முன்சீட்டில் ஏற அவருக்கு மனமில்லை. அதை வதனியிடமும் சொல்ல முடியவில்லை. கண் தெரியாத மனிதருக்கு ரோட்டைச் சொல்லிக் காட்ட அலுப்பாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

வெள்ளிக்கிழமை பின்னேரம் நிஸ்தாருக்குப் போன் எடுத்தார்.

"சேர், முழங்கால் ஒரு மாதிரி இரிக்கு. மிதிக்க ஏலாமக் கிடக்கு."

"அல்லாஹ்வே! அப்ப வேணாம். காலுக்குப் பாரம் குடுத்திராதீங்க ரூபன். சைக்கிள் எங்கயும் ஓடிரப் போறதில்ல."

மறுநாள் காலை உதயரூபன் வாவியில் இருந்தார்.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். உதயரூபனுடைய பொய்க்கு முழங்கால் இருந்தது. அது நாளுக்கு நாள் வீங்கியது. ஒரு சனிக்கிழமைக்கு என்று சொன்னது அடுத்த சனிக்கும் வேண்டியிருந்தது. நிஸ்தார் ஓட்டமாவடியில் ஒரு வைத்தியரிடம் சொல்லி எண்ணெய் எடுப்பித்து, கம்சாயினியின் கையில் கொடுத்துவிட்டார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் உதயரூபன் அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். எண்ணெய் முடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து நிஸ்தார் இன்னொரு போத்தல் அனுப்பினார்.

மகளை விடப் போகும்போது அவர் நொண்டத் தொடங்கினார். பார்வையில்லாதவருக்கு முன்னால் நொண்டி என்ன பயன் என்று கேட்கலாம். நிஸ்தார் ஆளைக் காலடிச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். அதனால் கேற்றிலிருந்து வாசல்படிவரை ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடக்க வேண்டியிருந்தது. இரண்டாம் முறை அப்படி நடந்தபோது கம்சாயினி ரோட்டிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா, ஏன் நொண்டுறீங்க? வீட்டில நல்லாத்தானே நடந்தீங்க?"

"உஸ்... மெதுவாக் கதை."

அவள் அவருடைய காலையும் முகத்தையும் பார்த்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. வகுப்பில் நிஸ்தார் சேர், "வாப்பாட கால் எப்பிடி இரிக்கு புள்ள?" என்று கேட்கும்போது, "இப்ப கொஞ்சம் பரவாயில்ல சேர்" என்று அவளாகவே சொல்லப் பழகிக்கொண்டாள். தான் சொல்லிக் கொடுக்காமலே மகள் பொய் சொல்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கு உதயரூபனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் சனிக்கிழமை விடிந்ததும் கால்கள் கல்லடிக்குத்தான் போயின.

மார்கழி மழைக்கு முன்னால் ஒரு பின்னேரம், கேற்றடியில் ஸாதியா அவரை நிறுத்தினார். உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"தம்பி, போன சனிக்கிழமை நான் ஏறாவூருக்குப் போனன். கல்லடிப் பாலத்துல பஸ் நிண்டிச்சு. கீழ பாத்தா, தண்ணிக்குள்ள நீங்க."

உதயரூபன் சொல்ல வாயெடுத்தார். "ராத்தா, அது வந்து..."

"நான் அவருக்கிட்டச் சொல்லல்ல. சொல்லவும் மாட்டன்." ஸாதியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்பக்கம் ஒருமுறை பார்த்தார். "அந்தச் சைக்கிள் றோட்டுக்குப் போனா, திரும்பி வாற வரைக்கும் எனக்கு அடுப்படியில ஒரு வேலையும் ஓடாது. லொறி உரசின கதையும் எனக்குத் தெரியும். கிழிஞ்ச சேட்டத் தைச்சது நான்தானே. வேணாம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல தம்பி. கண் போன மனிசனுக்கிட்ட, இதையும் விடுங்க எண்டு எப்பிடிச் சொல்ற? நீங்க முழங்கால் எண்டீங்க. அல்லாஹ் தந்த வழி எண்டு நினைச்சுக்கிட்டன். அப்பிடியே இருந்துக்கங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உதயரூபனுக்கு ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது. பொய்யால் ஒருவருக்காவது நிம்மதி கிடைத்திருக்கிறதே! ஆனால் படுக்கையில் சரிந்ததும் அந்த நிம்மதி கசக்கத் தொடங்கியது. முன்பு அவர் மட்டும் ஏமாற்றிக்கொண்டிருந்தார். இப்போது மகள், ஸாதியா ராத்தா என்று கண் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கம். கண் தெரியாதவர் ஒருவர் மட்டும் மறுபக்கம்.

மழை வந்தது. வாவி பெருகிக் கரையை மூடியது. கயாக்கும் இல்லை, சைக்கிளும் இல்லை. அந்த நாட்களில் உதயரூபனுக்கு மனம் கொஞ்சம் லேசாக இருந்தது. மழை விட்டு, தை பிறந்து, திரும்பவும் தண்ணீரில் இறங்கியபோது பழைய சந்தோசம் வந்தது. கூடவே பழைய குத்தலும் வந்தது. நீர்க்காகத்தைப் பார்த்தால், அதைச் சொல்லியிருந்தால் நிஸ்தார் என்ன கேட்டிருப்பார் என்று மனம் ஓடியது. யாருக்கும் எதையும் சொல்லாமல் இருப்பதற்காக வந்த இடத்தில், சொல்லாமல் விட்ட ஒன்று அவரோடு கூடவே இருந்தது.

நோன்பு மாதம் தொடங்கியது. ஒருநாள் பின்னேரம் மகளைக் கூட்டிவரப் போனபோது, நிஸ்தார் முற்றத்தில் குந்தியிருந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நீலப் பொலித்தீன் மடித்து ஓரமாகக் கிடந்தது. டயர் இரண்டிலும் காற்று நிறைந்திருந்தது.

"ரூபனா? வாங்க" என்றார், இழுபடும் காலடியைக் கேட்டு. "கிழமைக்கு ஒருக்கா இதத் துடைச்சு வைக்கிற. உங்கட கால் சரியாகிற அண்டைக்குச் சைக்கிளும் சரியா இரிக்கோணுமே."

நிஸ்தார் சங்கிலியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இந்த மாசம் கேட்டா இல்லை எண்டு ஆகாது. ஒவ்வொரு தொழுகையிலயும் உங்கட முழங்காலுக்குத் துஆக் கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கன். நேத்துப் பள்ளியில மௌலவிக்கிட்டயும் சொன்ன. நம்மட கூட்டாளி ஒருத்தருக்குக் காலுக்கு ஏலாது, கேளுங்க எண்டு."

எண்ணெய் அனுப்பியதைத் தாங்கினார். மகள் பொய் சொன்னதைத் தாங்கினார். இதைத் தாங்க முடியவில்லை. பசித்த வயிற்றோடு ஒரு மனிதர், ஊனமே இல்லாத ஒரு காலுக்காகக் கையேந்திக்கொண்டிருக்கிறார்; போதாததற்கு ஊரையும் ஏந்தவைத்திருக்கிறார்.

"சேர்" என்றார் உதயரூபன். "முழங்காலுக்கு ஒண்ணுமில்ல."

"சுகமாகிட்டா? அல்ஹம்துலில்லாஹ்!"

"இல்ல சேர். முதல்ல இருந்தே ஒண்ணுமில்ல. நான் பொய் சொன்ன. நான் சனிக்கிழமையில கல்லடிக்குக் கயாக் ஓட்டப் போறன்."

எண்ணெய்ப் போத்தலைப் பிடித்த நிஸ்தாரின் கை அப்படியே நின்றது.

"எப்ப இருந்து?"

"மாமாங்கத் திருவிழாவுக்குப் பிறகு இருந்து."

"நொண்டினது?"

"அதுவும் பொய்தான் சேர்."

நிஸ்தார் போத்தலின் மூடியைத் தேடி எடுத்து, மெதுவாகத் திருகினார். "புடிக்கல்ல எண்டா சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல்ல?"

"சொல்ல ஏலாமப் போச்சு."

"ஏன்? நான் குருடன் எண்டா?"

இல்லை சேர் என்று சொல்ல நாக்கு எழும்பியது. உதயரூபன் அதை விழுங்கினார்.

"ஓம் சேர்."

நிஸ்தார் தலையை ஆட்டினார். கோபமா கவலையா என்று அந்த முகத்திலிருந்து எடுக்க முடியவில்லை. "ஸாதியாக்குத் தெரியுமா?" என்று அடுத்துக் கேட்டார். உதயரூபன் நிமிர்ந்து பார்த்தார். நோன்புக் கஞ்சி ஊற்றிய வாளியோடு ஸாதியா வாசலில் நின்றுகொண்டிருந்தார். உதயரூபன் பதில் சொல்லவில்லை. சொல்லாததே பதிலாகிவிட்டது.

"வாற சனிக்கிழமை வாறன் சேர்" என்றார், அந்த அமைதியை எப்படியாவது மூட வேண்டும் என்று. "நோன்பு முடிஞ்சா இனி ஒவ்வொரு சனியும் வாறன்."

"வேணாம்." நிஸ்தார் எழுந்து சைக்கிளின் பின்சீட்டைத் தடவிப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு வருசம் நீங்க ஆசையா வாறீங்க எண்டு நினைச்சுக்கிட்டு இருந்தன். பாவம் பாத்து மிதிக்கிற சைக்கிள்ல ஏற எனக்கு ஏலா ரூபன். புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போங்க. நோன்பு துறக்கிற நேரமாகுது."

ஸாதியா வாளியைக் கம்சாயினியின் கையில் கொடுத்தார். உதயரூபனின் பக்கம் பார்க்கவில்லை. வழியில் மகள், "சொன்னது நல்லந்தான் அப்பா" என்றாள். அதற்கும் அவருக்கு ஆறுதல் வரவில்லை. தன் நெஞ்சைக் கழுவிக்கொள்ளப் போய் அந்த வீட்டுக்குள் ஒரு சண்டையை இறக்கிவைத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

நிஸ்தார் வகுப்பை நிறுத்திவிடுவார் என்று பயந்தார். நிறுத்தவில்லை. கம்சாயினியிடம் முன்புபோலவே சிரித்துக் கதைத்தார். "வாப்பாட கால்" மட்டும் பேச்சிலிருந்து போய்விட்டது. அதுதான் உதயரூபனுக்கு அடியாக விழுந்தது. அவர் கேற்றுக்கு வெளியே ரோட்டிலேயே நின்று மகளைக் கூட்டிவரப் பழகினார். கயாக் பக்கமும் போகவில்லை. சனிக்கிழமை காலைகளில் முற்றத்தைக் கூட்டினார்; கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினார். சீனி திரும்பவும் ஏறியது.

வதனி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டாள். "நீங்க தண்ணிக்குப் போகாம விட்டா அந்த மனிசனுக்குச் சைக்கிள் ஓடுமா?"

"ஓடாது."

"அப்ப ஆருக்காக இந்தத் தண்டன? சேருக்கு இதால ஒரு சதத்துக்கும் பலனில்ல. உங்களுக்கு மனசு நல்லாயிருக்கோணும் எண்டுதான் வீட்டில குந்திக்கிட்டு இரிக்கீங்க."

சுருக்கென்று தைத்தது. ஆனால் சரியாகத்தான் தைத்தது. அடுத்த சனிக்கிழமை அவர் கல்லடிக்குப் போனார். துடுப்பைக் கையில் எடுத்தபோது ஒன்றைத் தனக்குள் ஒப்புக்கொண்டார்: நான் இதைத்தான் விரும்பி எடுத்திருக்கிறேன். யாரும் தள்ளிவிடவில்லை. முழங்காலும் தள்ளிவிடவில்லை.

பெருநாள் கழிந்து சில கிழமைகளின் பின், காலையில் கல்லடிக்குப் போகும் வழியில் அவர் அந்தச் சைக்கிளைக் கண்டார். ஆரையம்பதியின் நல்லரத்தினம், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், முன்சீட்டில் நிமிர்ந்து இருந்தார். "பிறேக்! வலது! பள்ளம்!" என்று பஸ் நிறையச் சனம் இருப்பதுபோல் சத்தம் போட்டுக்கொண்டு போனார். கொக்கையும் வட்டையையும் பற்றி ஒரு சொல் இல்லை. நிஸ்தார் பின்னால் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு மிதித்தார். உதயரூபன் ரோட்டோரம் நின்றுவிட்டார். கூப்பிடலாமா என்று வாய் வரை வந்தது. நிஸ்தாருக்கு ஆள் கிடைத்துவிட்டது. இனித் தனக்குக் கவலையில்லை என்று நினைத்துப் பார்த்தார். அப்படி நினைக்க முடிந்ததற்கே வெட்கமாக இருந்தது. தான் விட்டுவிட்டு வந்த இடத்தில் வேறொருவர் நன்றாக இருக்கிறார் என்பது ஏன் மன்னிப்பாக வேண்டும்? காத்தான்குடியைத் தாண்டும்போது, நிஸ்தார் வீட்டுக் கேற்றை ஸாதியா திறந்து பிடித்தபடி தெற்கே பார்த்துக்கொண்டு நின்றார். உதயரூபனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். அந்தப் பெண்ணின் பயம் தீரவில்லை. தீர்ந்திருந்த கொஞ்சக் காலத்தையும் உதயரூபன்தான் கலைத்தார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை பின்னேரம், அவர் வீட்டு முற்றத்தில் நிற்கையில் போன் அடித்தது. நிஸ்தார் சேர்.

"ரூபன், சுகமா?"

"சுகம் சேர்."

"நல்லரத்தினம் மண்டூருக்குப் போயிட்டாரு. கோயில் திருவிழா முடிஞ்சுதான் வருவாராம். நாளையிண்டைக்குச் சனிக்கிழமை சும்மாதான் இரிக்கன். ஒருக்கா ஓடிப் பாப்பமா?" சற்று நிறுத்தினார். "உங்களுக்கு விருப்பம் எண்டா மட்டும். இல்லாட்டி இல்லெண்டு சொல்லுங்க."

அந்தச் சனிக்கிழமை ரதீசும் மற்றவர்களும் வாவியின் மறுகரை வரை போவதாகத் திட்டம். கிழமை முழுவதும் உதயரூபன் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது ஓம் என்று சொன்னால் எவ்வளவு லேசாக இருக்கும்! ஒரே சொல்லில் பழையது எல்லாம் கழுவுப்பட்டுவிடும்போல் இருந்தது. முன்சீட்டில் ஏறி, எல்லாவற்றையும் விபரமாகச் சொல்லி, இல்லாத பூவையும் பூக்க வைத்துவிடலாம். ஆனால் நிஸ்தார் கேட்டது அதையல்ல.

"இல்ல சேர்" என்றார். "சனிக்கிழமை தண்ணிக்குப் போறன். எனக்கு அதுதான் விருப்பமா இரிக்கு."

"ம். சரி. போயிட்டு வாங்க" என்றார் நிஸ்தார். குரலில் வருத்தம் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. "பிறகு எடுக்கிறன்."

போன் நின்றது. உதயரூபன் அதைக் கையில் வைத்தபடி நின்றார். குசினிக்குள்ளிருந்து வதனி எட்டிப் பார்த்தாள்.

"ஆரு கோல்ல?"

"நிஸ்தார் சேர்."

"என்னவாம்?"

"சும்மாதான்" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. உடனே நிறுத்தி, அவள் பக்கம் திரும்பினார். "இல்ல. சைக்கிளுக்குக் கூப்பிட்டாரு. நான் வரல்ல எண்டுட்டன்."

வதனி கையைத் துடைத்தபடி, "வந்து சாப்பிடுங்க" என்றாள்.